நாடி இல்லாத நோயாளியும் ஒரு வலி மாத்திரையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தைக் கடக்கும்போது உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பொது மருத்துவம் பார்த்துவருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கோடைப் பிற்பகலில் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய மனைவியும் மகனும் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். அவர் முகம் வெளிறியிருந்தது. மணிக்கட்டில் நாடி பார்த்தேன், இல்லை. கழுத்தில் பார்த்தேன்; அங்கும் இல்லை. ரத்த அழுத்தக் கருவி எதையும் பதிவு செய்யவில்லை. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், எண்ணைக் காட்டாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. அவரோ என்னைப் பார்த்து, “பயப்படாதீங்க டாக்டர், எனக்கு நாடி இருக்காது” என்றார்.

மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது ‘லப் டப்’ என்னும் ஒலிக்குப் பதிலாக மோட்டார் ஓடுவது போன்ற சீரான ரீங்காரம் கேட்டது. தோளில் தொங்கிய பையில் இரண்டு பேட்டரிகளும் கைப்பேசி அளவில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தன. அதிலிருந்து கிளம்பிய ஒரு கம்பி அவருடைய வயிற்றுத் தோலைத் துளைத்து உள்ளே சென்றது. இடது கீழறைக்குத் துணையாகச் செயற்கை இதய பம்பு பொருத்தப்பட்டவர் அவர். மருத்துவ நூல்களில் மட்டுமே படித்திருந்த ஒன்றை, அன்றுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன்.

பம்பு ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய சிக்கல் வேறு. இரண்டு நாள்களாக மலம் தார்போலக் கறுத்துப் போயிருந்தது. குடலுக்குள் எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரைகளை நான்கு நாள்களாக விழுங்கியிருந்தார். சிக்கலான ஓர் அறுவை சிகிச்சையைக் கடந்து வந்த மனிதரை, சில ரூபாய் மாத்திரை என் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது.

இதய பம்பு எதற்காக என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு, இதயத் தசை நோய் போன்றவற்றால் இதயத்தின் இடது கீழறை மிகவும் நலிந்துவிடும்போது, மருந்துகளால் மட்டும் உயிரைக் காக்க முடியாத கட்டம் ஒன்று வருகிறது. மாற்று இதயம் கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை காத்திருக்கவும், மாற்று இதயம் பொருத்த இயலாதவர்கள் வாழ்நாளை நீட்டிக்கவும் இந்தப் பம்பு உதவுகிறது. இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் தள்ளுவதே அதன் வேலை. சென்னையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் போன்ற அறுவை மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையில் முன்னோடிகள். செலவு பெருந்தொகை என்பதால், இந்தியாவில் இதைப் பெறுவோர் மிகச் சிலரே.

2001இல் வெளியான ‘ரீமேட்ச்’ ஆய்வுதான் இந்தச் சிகிச்சையின் மதிப்பை உலகுக்குக் காட்டியது. மாற்று இதயம் பொருத்த இயலாத 129 பேர் அதில் பங்கேற்றார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் கால்பங்கினரே உயிரோடிருந்தார்கள். பம்பு பெற்றவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். அன்றைய பம்பு இதயத்தைப்போலவே விட்டுவிட்டுத் துடித்தது; பெரியதாகவும் இருந்தது; விரைவில் தேய்ந்தது. அடுத்து வந்தவை இடைவிடாமல் சுழலும் பம்புகள். 2008இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ‘ஹார்ட்மேட் 2’, நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,000 முறை சுழலக்கூடியது. அளவு சிறியது, நீண்டகாலம் உழைத்தது. ரத்தம் அலையலையாக அல்லாமல் ஆற்றுநீர்போல ஒரே சீராக ஓடுவதால், நோயாளியின் மணிக்கட்டில் நாடி தட்டுப்படுவதில்லை.

அந்தப் பம்புகள் பரவியபோது மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறோம். ஆகவே கொஞ்சம் ரத்தக்கசிவு இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். கண்டதோ எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடலில் ரத்தக்கசிவுக்கு ஆளானார்கள். செயற்கை வால்வு பொருத்திக்கொண்டு அதே மாத்திரையை விழுங்குவோருக்கு இந்த அளவு கசிவதில்லை. ஆகவே, மாத்திரை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

விடையின் ஒரு நுனி பின்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள ஓலாந்து தீவுகளில் ஒரு குடும்பத்தில் பலருக்கும் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் ஓடியதை 1926இல் எரிக் வான் வில்லிபிராண்ட் என்னும் மருத்துவர் விவரித்தார். அவர்களுக்குக் குறைவாக இருந்த புரதம் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நீண்ட சங்கிலி போன்ற புரதம் அது. ரத்தக்குழாயில் கிழிசல் ஏற்பட்டால், ஒரு முனையில் கிழிசலைப் பற்றிக்கொண்டு, ஓடும் ரத்தத்திலிருந்து தட்டணுக்களை இழுத்துப் பிடித்து அடைப்பை உண்டாக்கும். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு திறமாகப் பிடிக்கும்.

இயல்பு நிலையில் இந்தச் சங்கிலி நூற்கண்டுபோலச் சுருண்டு கிடக்கும். வேகமாகச் சுழலும் பம்புக்குள் நுழையும்போது, ரத்தத்தின் இழுவிசை கண்டைப் பிரித்து நீட்டிவிடுகிறது. அப்படி நீண்டதும், அதை நறுக்கும் நொதி ஒன்று, மறைந்திருந்த வெட்டிடத்தைக் கண்டு துண்டாக்கிவிடுகிறது. உடலின் எந்த மூலையில் கிழிசல் நேர்ந்தாலும் பிடித்து அடைக்க வேண்டிய நீண்ட சங்கிலிகள் குறைந்துபோகின்றன. ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் இது நேர்கிறது. பம்பு பொருத்திய சில நாள்களிலேயே தொடங்கிவிடுகிறது. மாற்று இதயம் பொருத்திப் பம்பை எடுத்துவிட்டால் சங்கிலிகள் மீண்டும் நீள்கின்றன. ஆக, இது நோயாளியின் நோயன்று. பம்பின் வேலையோடு ஒட்டிப் பிறந்த விளைவு.

இன்னொரு காரணமும் உண்டு. துடிப்பில்லாத ஓட்டத்தோடு நீண்டநாள் வாழும்போது, குடலின் உட்சுவரில் மெல்லிய, எளிதில் கிழியக்கூடிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. வான் வில்லிபிராண்ட் புரதத்தின் நீண்ட சங்கிலிகள் குறைவதே இப்படிப்பட்ட குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, கிழியக்கூடிய குழாயையும் உண்டாக்கி, கிழிந்தால் அடைப்பதற்கான பசையையும் கெடுத்துவிடுகிறது.

இது முற்றிலும் புதிய நோயும் அல்ல. 1958இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஹைட், பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்களுக்குக் காரணம் தெரியாத குடல் ரத்தக்கசிவு ஏற்படுவதை ஒரு சிறு கடிதமாக எழுதினார். சுருங்கிய வால்வின் ஊடே ரத்தம் பீய்ச்சியடிக்கும்போதும் இதே சங்கிலி அறுகிறது என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே புரிந்தது. சோகை என்று வரும் முதியவருக்கு இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தனுப்பும் என் போன்ற மருத்துவர்கள், ஒருமுறை ஸ்டெதஸ்கோப்பை அவர்களுடைய மார்பில் வைத்துக் கேட்டுவிடுவது நல்லது. வால்வைச் சரிசெய்தால் சோகையும் போய்விடும்.

கசிகிறது என்றால் உறைவுத் தடுப்பு மருந்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் பம்புக்குள் ரத்தம் உறைகிறது. 2011ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சான்று. ‘ஹார்ட்மேட் 2’ பொருத்தப்பட்டவர்களில் மூன்று மாதங்களுக்குள் பம்பில் ரத்தம் உறைவது 2.2 விழுக்காடாக இருந்தது. 2013 ஜனவரிக்குள் அது 8.4 விழுக்காடாக உயர்ந்தது. கசிவுக்கு அஞ்சி மருந்தைத் தளர்த்தியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மருந்து மிகுந்து மூளையில் ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம்தான். ‘எச்வேட்’ என்னும் மற்றொரு பம்பு, பக்கவாதமும் இயந்திரக் கோளாறும் அதிகமாக இருந்த காரணத்தால் 2021 ஜூனில் விற்பனையிலிருந்தே விலக்கப்பட்டது.

இப்போது பெரிதும் பயன்படும் ‘ஹார்ட்மேட் 3’ இந்த இக்கட்டைத் தணிக்க முயன்ற வடிவமைப்பு. சுழலும் பகுதி எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. ரத்தம் செல்லும் இடைவெளி அகலமானது. இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகத்தை மாற்றி ஒரு செயற்கைத் துடிப்பையும் உண்டாக்குகிறது. பம்பில் ரத்தம் உறைவது மிகவும் அரிதாகிவிட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் 58 விழுக்காட்டினர் உயிரோடிருக்கிறார்கள் என்று இதை முந்தைய பம்போடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு காட்டியது. எனினும் அதே ஆய்வில், இரண்டாண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குடலில் ரத்தம் கசிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதற்குப் பிறகு வந்தது. இந்தப் பம்பு உள்ளவர்கள் எல்லோருக்கும் வார்ஃபரின் வகை மருந்தோடு ஆஸ்பிரினும் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அந்த ஆஸ்பிரின் உண்மையிலேயே தேவையா என்று டாக்டர் மன்தீப் மெஹ்ரா தலைமையிலான குழு கேட்டது. 628 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஆஸ்பிரினும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 2023 நவம்பரில் முடிவு வெளியானது. ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்கு ரத்த உறைவு கூடவில்லை. ரத்தக்கசிவோ 34 விழுக்காடு குறைந்தது. புதிய கருவியோ விலையுயர்ந்த மருந்தோ இல்லாமல், வழக்கம் என்பதற்காகக் கொடுத்துவந்த ஒரு மாத்திரையை நிறுத்தியதால் கிடைத்த பலன். கூட்டுவது மட்டுமே சிகிச்சை என்று நம்பும் நம் மருத்துவ உலகில், கழிப்பதன் நன்மையைச் சோதிக்க ஒருவர் முன்வந்தார் என்பதே எனக்கு மகிழ்ச்சி. ஏற்கெனவே பம்பு பொருத்திய நோயாளிகள் தாமாக ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்திருப்பது போன்ற வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

என்னிடம் வந்தவரின் கதைக்குத் திரும்புகிறேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் சென்னை மருத்துவமனையின் எண் இருந்தது. அழைத்தேன். மறுமுனையில் பேசிய இளம் மருத்துவர் முதலில் சொன்னது, “வைட்டமின் கே ஊசி போட்டுவிடாதீர்கள்” என்பது. ரத்தக்கசிவோடு வருபவருக்கு, மருந்தின் வேலையை முறிக்கும் அந்த ஊசியைப் போடுவது எங்கள் கை பழகிய செயல். பம்பு உள்ளவருக்கு அதைத் திடீரென முறித்தால் பம்பே அடைபட நேரலாம். ரத்தம் ஏற்றுவதிலும் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார் அவர். ஏற்றப்படும் ரத்தத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், பின்னாளில் பொருந்தக்கூடிய மாற்று இதயம் கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு பாட்டில் ஏற்றக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்க டாப்ளர் தேவை என்பதையும் அவர்தான் நினைவூட்டினார். கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க நாங்கள் வைத்திருக்கும் கருவியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. சலைன் ஏற்றியபடி 108இல் சென்னைக்கு அனுப்பிவைத்தேன். சிறுகுடலில் கசிந்த இடத்தைக் கண்டு அடைத்துவிட்டதாகப் பத்து நாள்கள் கழித்து அவருடைய மகன் அழைத்துச் சொன்னார்.

இவ்வளவும் ஒரு பெருநகரப் பணக்காரரின் நோயைப் பற்றிய செய்தியாகத் தோன்றலாம். எங்கள் உப்பளங்களில் வேலை செய்வோர் எவருக்கும் இதய பம்பு கிடையாது. ஆனால், அந்தப் பம்புக்காரர் விழுங்கும் அதே மாத்திரையை விழுங்குவோர் இங்கே இருக்கிறார்கள். சிறு வயதில் தொண்டை வலியாகத் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல், நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழைகளின் நோய். கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்துகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான ‘சித்ரா’ வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அயல்நாட்டு வால்வுக்குக் காசில்லாதவர்கள் அதனால் பிழைத்தார்கள். தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. வால்வைப் பொருத்தியவர்கள் ‘அசிட்ரோம்’ போன்ற உறைவுத் தடுப்பு மாத்திரையை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாத்திரை வகையின் வரலாறே எச்சரிக்கையானது. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூசணம் பிடித்த தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்தன. அந்தப் புல்லில் இருந்த பொருளைத் தேடிப் போனதன் பயனே வார்ஃபரின். முதலில் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது; பிறகே மனிதருக்கு மருந்தானது. அளவு சற்றே குறைந்தால் உறையும். சற்றே கூடினால் கசியும். ‘ஐஎன்ஆர்’ என்னும் ரத்தப் பரிசோதனையால் மட்டுமே சரியான அளவை அறிய முடியும். பம்பு உள்ளவர்களுக்கும் பெருந்தமனி வால்வு மாற்றியவர்களுக்கும் பொதுவாக அது 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும். மற்ற வால்வுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

இனி, உப்பளத்துக்கு வாருங்கள். பொங்கலை ஒட்டிப் பாத்தி சீரமைக்கத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை. உச்சி வெயில், மேலேயும் கீழேயும் வெப்பம், வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி வேறு. குனிந்து உப்பு வாரி, கூடையைத் தலையில் சுமந்து கரையேற்றுவோருக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? மாலையில் அவர்கள் தேடுவது ஒரு வலி ஊசி. “டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டு விடும்மா, நாளைக்கு வேலைக்குப் போவணும்” என்னும் குரலை வாரத்தில் பலமுறை கேட்கிறேன். நான் மறுத்தால் அடுத்த தெருவில் போடுவார்கள். அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், இரைப்பையைப் புண்ணாக்கும், நீர்வறட்சியில் இருப்பவரின் சிறுநீரகத்தையும் தாக்கும். உப்பளத் தொழிலாளர்கள் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதையும், அவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் நலிந்திருப்பதையும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவருக்கு இந்த ஊசி இரட்டை ஆபத்து. ஊசி குத்திய இடத்திலேயே தசைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்குப் பாரசிட்டமால் போதும், அதையும் அளவோடு. வயிற்றுப்போக்குக்குக் கேட்டவுடன் கொடுக்கப்படும் மெட்ரோநிடசோல் மாத்திரையும் ஐஎன்ஆர் அளவை ஏற்றிவிடும். கீரை சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், சாப்பிடலாம். ஒரு வாரம் அடியோடு விட்டு மறுவாரம் மூன்று வேளையும் முருங்கைக் கீரை என்றிருப்பதுதான் கூடாது.

பெரிய அறுவை சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கிறது. அதற்குப் பிறகு, வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் தேவைப்படும் ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனைக்கு, என்னிடம் வருவோர் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ பேருந்து ஏறுகிறார்கள். பேருந்துக் கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு அன்றைய கூலி. ஆகவே, மாதம் ஒருமுறை என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகிறது. பிறகு ஏதாவது நேரும்போது மட்டும் என்றாகிறது. விரல் நுனியில் குத்தி ஓரிரு நிமிடங்களில் ஐஎன்ஆர் அளவைச் சொல்லும் கையடக்கக் கருவிகள் உள்ளன; சர்க்கரை பார்க்கும் கருவியைப் போன்றவைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுசெல்கிறது. கடலோர ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஒரு கருவி வீதம் வைத்து, அதே ஊழியர்களைக் கொண்டு வால்வு நோயாளிகளையும் கவனிக்கலாம். ஒரு பகுதியில் அப்படிப்பட்டவர்கள் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். பட்டியல் எடுப்பது கடினமன்று. மருந்துக் கடைகளும் வலி மாத்திரை கொடுக்கும் முன், “ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்க வேண்டும். எளிய கேள்வி, என் அனுபவத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

கறுத்த மலம், பல் துலக்கும்போது நிற்காத ரத்தம், காரணமில்லாத கன்றிய தழும்பு, புதிதாக வந்த கடும் தலைவலி, மூச்சு வாங்கும் அளவுக்குச் சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பது உண்மை. ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

சென்ற மாதம் என்னிடம் வந்த ஓர் உப்பளத் தொழிலாளிக்கு வால்வு மாற்றிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஐஎன்ஆர் குறிப்பேட்டை உப்பு ஈரம் படாமல் பாலித்தீன் பையில் சுற்றி, ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருந்தார். முதல் இரண்டு ஆண்டுகளின் பக்கங்கள் நிறைந்திருந்தன. அதன் பிறகு பதிவுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி அளவு எழுதப்பட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. இடுப்பு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளவே அவர் வந்திருந்தார்.